அந்தரத்தில் இறுக்கிய போல்ட்

கோயமுத்தூரிலிருந்து அன்னூர் போகிற ரோட்டில் தெய்வானை மேஸ்திரியின் கார் ஷெட் இருந்தது. அந்த ஷெட்டில் பழைய சாமானுக்கும் மரியாதை உண்டு.

தேய்ந்த பிரேக் கட்டையோ, உடைந்த ஸ்பிரிங்கோ, வண்டியிலிருந்து எது கழன்று வந்தாலும் மேஸ்திரி அதைக் குழாயடிக்கு எடுத்துப் போவார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போயிட்டு வா சாமி" என்பார். அதற்கப்புறம்தான் அது காயலான் கடைக்குப் போகும்.

சென்னியப்பன் அங்கே மூன்று வருஷமாகச் சீடர். சீடருக்கு வயது ஐம்பத்து நாலு, குருவுக்கு முப்பத்தேழு. இதில் சிரிக்க விரும்பியவர்கள் முதல் மாசமே சிரித்து முடித்துவிட்டார்கள்.

முப்பது வருஷம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். ஆலையை மூடியதும் வீட்டில் உட்கார்ந்து படித்த பேப்பரையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மனைவி பேப்பரைப் பிடுங்கி மடித்து வைத்துவிட்டார். அன்று மத்தியானமே ஷெட் வாசலில் வந்து நின்று, "எனக்கு இந்தத் தொழில் கத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

மேஸ்திரி அவர் வயதைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "நாளைக்கு வாங்ணா" என்றார்.

வந்த முதல் வருஷமே சென்னியப்பன் கேட்டார்.

"துருப்புடிச்ச இரும்புக்கு எதுக்குங்க மேஸ்திரி கும்பிடு?"

"டீ ஆறுதுங்ணா" என்றார் மேஸ்திரி.

இரண்டாம் வருஷம் மறுபடியும் கேட்டார்.

"அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடுங்க" என்று பதில் வந்தது.

மூன்றாம் வருஷம் அவர் கேட்கவில்லை. கேள்வி மட்டும் அவருக்குள் அப்படியே கிடந்தது.

அந்த ஷெட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கி முடித்தவர் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு விலகும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஆளுக்கு ஒரு கலர். மேஸ்திரியுடையது வெள்ளை, சென்னியப்பனுடையது மஞ்சள். தொழில் கற்று வெளியே போகிறவருக்கு மேஸ்திரி தன் கையால் அவருடைய கலரில் ஒரு புது டப்பா கொடுப்பார். அதை வாங்காமல் அந்த ஷெட்டிலிருந்து யாரும் போய்க் கடை திறந்ததில்லை.

சென்னியப்பன் வருகிற வெள்ளிக்கிழமை கருமத்தம்பட்டியில் கடை திறக்கப்போகிறார். போர்டு எழுதியாகிவிட்டது. மனைவி உறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. டப்பா ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சாந்தாமணியின் வண்டி வந்தது.

சாந்தாமணி இட்லி மாவு வியாபாரம் செய்கிறவர். பதினெட்டு வயதான ஒரு சின்னக் கார். அதன் பின்சீட்டைக் கழற்றிவிட்டு நாலு டிரம் மாவை ஏற்றிக்கொண்டு, கருமத்தம்பட்டி வரைக்கும் கடை கடையாகப் போவார். ஓட்டுவதும் அவர்தான், இறக்குவதும் அவர்தான்.

வண்டி ரோட்டிலிருந்து ஷெட்டுக்குள் இறங்கும்போது பின்பக்கம் 'கடக்' என்றது. மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் வேலையில் குனிந்தார்.

"நாலு மாசமாச்சுங்ணா, குழில எறங்குனா இப்படித்தான் கத்துது" என்றார் சாந்தாமணி. "டயரும் ஒரு பக்கமாத் தேயுது. பக்கத்துல நாலு ஷெட்டு இருக்குது. ஆனா உங்க கை பட்ட வண்டி, வேற எங்கயும் வுடலீங்க."

சென்னியப்பனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போன ஐப்பசியில் அந்த வண்டியின் பின் ஆக்சிலை மாற்றியது அவர்தான். இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற குறுக்கு இரும்பு அது, பீம் என்பார்கள். பழையது துரு தின்று வளைந்துபோயிருந்தது. அந்த வாரம் மேஸ்திரி டெங்குக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். முழு வேலையையும் சென்னியப்பன் ஒண்டி ஆளாகச் செய்து முடித்தார். அவர் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை அதுதான்.

"நாலு மணிக்குள்ள ஆயிருமுங்களா?" என்று கேட்டார் சாந்தாமணி. "சாயங்கால மாவு வண்டிலயே இருக்குதுங்க. இந்த வெயிலுக்கு அதுக்கு மேல பொங்கிரும்."

"ஆயிருமுங்க" என்றார் மேஸ்திரி.

நாலு டிரம்மையும் இறக்கிச் சுவரோரம் வரிசையாக வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள். சென்னியப்பன் வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களைக் கழற்றினார். பிறகு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மல்லாந்து உள்ளே போனார்.

பீமின் முன்முனை இரண்டும் வண்டியின் உடம்போடு சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒரு ரப்பர் புஷ் உண்டு. நடுவில் ஒரு நீளப் போல்ட் ஓடும். பீம் மேலும் கீழும் அசையும்போது அந்த ரப்பர்தான் நெளிந்து கொடுக்கும்.

இரண்டு ரப்பரும் கிழிந்திருந்தன. தேய்ந்த கிழிசல் இல்லை அது. துணியைப் பிழியும்போது கிழிகிற மாதிரி இரண்டும் ஒரே பக்கமாகத் திருகிக் கிழிந்திருந்தன.

போல்ட்டுகளின் தலையில் மஞ்சள் கோடு இருந்தது. ஒரு மயிரிழைகூட விலகாமல் நேராக இருந்தது.

சென்னியப்பன் டார்ச்சை அந்தக் கோட்டின் மேலேயே பிடித்திருந்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

ஐப்பசியில் மேஸ்திரி கட்டிலில் கிடந்தபடியே போனில் சொல்லியிருந்தார். 'முன்னாடி ரெண்டு போல்ட்டையும் கையாலயே திருகி வுட்டுருங்ணா. கடைசி இறுக்கு, வண்டி தரைல நின்னதுக்கப்பறம்.' சரிங்க என்று இவரும் சொன்னார். ஆனால் வண்டியைத் தரையில் நிறுத்திவிட்டு அடியில் போய் இறுக்க வேண்டுமென்றால் ஷெட்டுத் தரையில் ஆள் இறங்கி நிற்கிற குழி வேண்டும். மழையில் குழி நிறையத் தண்ணீர் நின்றது.

ஆலைச் சட்டம் வேறு அவர் கையில் ஊறியிருந்தது. அங்கே ஒரு போல்ட்டில் கை வைத்தால் முழுசாக இறுக்காமல் கையை எடுக்கக் கூடாது. பாதி இறுக்கிய போல்ட்டால் விரல் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். 'தொங்கினா என்ன, நின்னா என்ன, போல்ட்டுக்கு என்ன தெரியப்போகுது' என்று நினைத்தார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழு மூச்சாக இறுக்கி, மஞ்சள் கோடும் போட்டுவிட்டார்.

காய்ச்சல் தெளிந்து வந்த மேஸ்திரி ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "கடைசி இறுக்கு ஆச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க" என்றார் சென்னியப்பன்.

இப்போது அவர் தலைமாட்டில் கழிவுப் பஞ்சு கிடந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் தின்னர் பாட்டில் இருந்தது. இரண்டு துடைப்புத் துடைத்தால் மஞ்சள் போய்விடும். யார் இறுக்கியது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

"என்னங்ணா?" என்று மேலேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"புஷ் ரெண்டும் கிழிஞ்சிருக்குதுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "சரக்கு சரியில்லீங்க போலிருக்குது."

"அப்படிங்களா?"

"ஆமாங்க."

"சரி, பீம எறக்குங்க. புதுசு அடிச்சு மாட்டிரலாம்."

அவ்வளவுதான். பஞ்சில் தின்னரை நனைக்கச் சென்னியப்பனுக்குக் கை வரவில்லை. நனைக்காமல் இருந்ததற்காகத் தன்னை மெச்சிக்கொள்ளவும் முடியவில்லை. பொய்யைத்தான் ஏற்கனவே சொல்லியாகிவிட்டதே.

வேலையைத் தொடங்கினார். ஹேண்ட் பிரேக் கேபிள்களை விடுவித்தார். பிரேக் ஓஸ்களைக் கழற்றி, ஆயில் ஒழுகாமல் வாயை அடைத்தார். பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஷாக் அப்சார்பர்களின் கீழ்ப் போல்ட்டைப் பிடுங்கினார். ஜாக்கியை மெதுவாகத் தணிக்க, சுருள் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்து கையோடு வந்தன. இனி அந்த மஞ்சள் போல்ட் இரண்டும்தான்.

சாந்தாமணி ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பேச ஆள் வேண்டும்.

"உங்களுக்கு ஒரு சேதி சொல்லோணுமுங்ணா. எத்தன நாளா நெனைக்கறேன்."

"சொல்லுங்க அம்மிணி."

"பங்குனில என்ற புள்ளைக்கு வலி எடுத்துருச்சுங்க. நாளு இன்னும் இருக்குதுன்னு சொல்லியிருந்தாங்க. நம்பியூர்ல இருக்கறா. நான் மாவு போட்டுட்டு அப்படியே பாக்கப் போனவ. வேற வண்டிக்குக் காத்திருக்க நேரமில்ல. மாவு டிரம்மயெல்லாம் தெருவுலயே எறக்கி வெச்சுப்போட்டு, பொறத்தால பாயப் போட்டு அவளப் படுக்க வெச்சுக் கோயமுத்தூர் வரைக்கும் ஓட்டுனேனுங்க."

சென்னியப்பன் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினார். திருப்பவில்லை.

"வழியெல்லாம் வெட்டி வெச்ச ரோடு. ஒவ்வொரு குழிக்கும் அவ கத்தறா, வண்டியும் கத்துது. ஆனா நிக்கலீங்ணா. ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோயித்தான் நின்னுது. பேரனுக்கு இப்ப மூணு மாசம். எப்பப் பாத்தாலும் நான் என்ற புள்ளகிட்டச் சொல்லுவேன், அன்னிக்குச் சாமியும் சென்னியப்பண்ணனும்தான் காப்பாத்துனாங்கன்னு."

"அம்மிணி..."

"வெள்ளிக்கிழமை கடை தொறக்கறீங்களாமே. அம்பது இட்லிக்கு மாவு என்ற செலவு. வேண்டாம்னு சொல்லக் கூடாது."

வண்டிக்கடியில் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சென்னியப்பன் முதுகால் நகர்ந்து வெளியே வந்தார். எழுந்து நின்றார். கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"அம்மிணி, அந்தப் புஷ் நல்ல சரக்குதானுங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

சாந்தாமணிக்குப் புரியவில்லை. மேஸ்திரி ரெண்டடி தள்ளிப் புது புஷ்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை.

"இந்த ரெண்டு போல்ட்டையும் வண்டி தரைல நின்னதுக்கப்பறம்தான் இறுக்கோணும். மேஸ்திரி சொல்லித்தான் இருந்தாங்க. நான் தொங்கறப்பவே இறுக்கிப்போட்டேன். மேஸ்திரி கேட்டப்ப ஆச்சுன்னும் சொல்லிப்போட்டேன். இப்பக்கூடச் சரக்கு சரியில்லன்னு பொய் சொன்னேனுங்க."

"அதனால என்னுங்ணா ஆச்சு?"

"எறக்குன நாள்ல இருந்து அந்த ரப்பரு முறுக்கிட்டே நின்னுருக்குது. நீங்க பாரம் ஏத்த ஏத்த இன்னும் முறுக்கும். அதான் கிழிஞ்சுது."

"முழுசா அத்துட்டிருந்தா?"

இதற்கு மழுப்பலாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை.

"வண்டி பொறத்தால அலைபாயுமுங்க. திருப்பத்துல புடிச்சு நிறுத்தறது கஷ்டம்."

சாந்தாமணியின் முகம் மாறியது.

"என்ற புள்ள அதுலதானுங்ணா படுத்திருந்தா."

"தெரியுமுங்க."

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். ஷெட்டுக்கு வெளியே போய், ரோட்டைப் பார்த்து முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

சென்னியப்பன் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். திட்டு வாங்கத் தயாராக இருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"கையக் குடுங்ணா" என்றார் மேஸ்திரி.

நீட்டினார்.

"உள்ளங்கை தரையப் பாக்கட்டும்."

திருப்பினார். மேஸ்திரி அவருடைய முன்கையை நடுவில் சுற்றி இறுக்கிப் பிடித்தார். ஸ்பேனர் பிடித்துப் பழகிய பிடி.

"இப்ப உள்ளங்கை மேல பாக்கட்டும்."

சென்னியப்பன் கையைத் திருப்பினார். பிடிக்குள் தோல் திருகி இழுத்தது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் சுருக்கென்றது. பல்லைக் கடித்தார்.

"எப்படியிருக்குது?"

"எரியுதுங்க."

மேஸ்திரி கையை விட்டார். "இப்ப மொதல்லயே மேல பாக்கத் திருப்பி வெச்சுக்குங்க."

திருப்பி வைத்தார். மேஸ்திரி மறுபடியும் பிடித்தார். அதே இறுக்கம்.

"இப்ப?"

"ஒண்ணும் தெரியலீங்க."

"புடி ஒண்ணுதானுங்ணா" என்றார் மேஸ்திரி. "போங்க, பீம எறக்குங்க. மாவு பொங்குது."

உண்மையில் பொங்கித்தான் கொண்டிருந்தது. கடைசி டிரம்மின் மூடி ஒரு விரல் உயரம் எழும்பி, சாக்கு லேசாக உப்பியிருந்தது. சென்னியப்பன் உள்ளே போய் இரண்டு மஞ்சள் போல்ட்டையும் திருகி எடுத்தார். பீம் ஜாக்கியின் மேல் அமைதியாக இறங்கி வந்தது. மேஸ்திரியும் அவருமாகத் தூக்கி பிரஸ்ஸில் வைத்துக் கிழிந்த புஷ்களை அழுத்தி வெளியே தள்ளினார்கள். புதியவற்றை உள்ளே அழுத்தினார்கள்.

மறுபடியும் பீமை ஏற்றும்போது இரண்டு போல்ட்டையும் கையால் மட்டும் திருகினார். விரல்கள் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று கெஞ்சின. முப்பது வருஷப் பழக்கம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கேபிள் எல்லாம் அததன் இடத்துக்குப் போயின. பிரேக் ஓஸை மாட்டி, ஆயில் ஊற்றி, மேஸ்திரி பெடலை மிதிக்க மிதிக்க ஓஸில் இருந்த காற்றை வெளியே எடுத்தார். சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையிறக்கிக் குழியின் மேல் தள்ளி நிறுத்தினார்கள்.

மணி மூன்றே கால். சென்னியப்பன் ஸ்பேனரோடு குழியில் இறங்கப் போனார்.

"பொறுங்ணா. இந்த வண்டி எப்பவாச்சும் காலியாப் போகுதுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

மற்ற ஷெட்டுகளில் காலி வண்டி தரையில் நின்றால் போதும் என்பார்கள். அது தப்பும் இல்லை. தெய்வானை மேஸ்திரி மட்டும், தினமும் அந்த வண்டியில் ஏறுகிற பாரம் எதுவோ அதை ஏற்றி வைத்துத்தான் கடைசி இறுக்கு இறுக்க விடுவார். வாத்தியார் வண்டி என்றால் வாத்தியாரையும் அவருடைய மூன்று பிள்ளைகளையும் உட்கார வைப்பார். வருகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

நாலு டிரம்மையும் சென்னியப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார்.

"அந்தக்காவக் கூப்புடுங்க" என்றார் மேஸ்திரி.

"நானுங்களா? நீங்க ஒரு வார்த்தை..."

"இறுக்கப்போறது யாரு?"

"நானுங்க."

"அப்பறமென்ன?"

சென்னியப்பன் வெயிலில் இறங்கிப் போனார். சாந்தாமணி திரும்பவில்லை.

"அம்மிணி, வந்து வண்டில உக்காரோணுங்க. நீங்க உக்காந்தாத்தான் போல்ட்டு இறுக்க முடியும்."

"மறுபடியும் நீங்கதான் இறுக்கறீங்களா?"

"வேண்டாம்னா மேஸ்திரிய இறுக்கச் சொல்றேனுங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க."

சாந்தாமணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய வெயில். சென்னியப்பனின் சட்டையெல்லாம் மாவும் கிரீஸுமாக இருந்தது.

"நான் பேச்சுக் குடுக்காட்டி நீங்க சொல்லியே இருக்க மாட்டீங்களா?"

"நீங்க பேரன் சேதி சொல்லாட்டி... தெரியலீங்க அம்மிணி. சொல்லியிருப்பேன்னு சொன்னா அதும் பொய்யாப் போயிரும்."

சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நடந்து வந்து, கதவைத் திறந்து, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார்.

குழிக்குள் நின்ற சென்னியப்பனுக்குத் தலைக்கு மேலே வண்டி இரண்டு விரற்கடை இறங்குவது தெரிந்தது. பீம் மெல்ல நிமிர்ந்தது. புது ரப்பர் புஷ்ஷுக்குள் தளர்ந்திருந்த போல்ட் தானாக ஒரு பிசிறு திரும்பித் தன் இடத்தில் நின்றது. அந்த நுணுக்கமான அசைவை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் நடந்தது. ஆலையில் அவர் தொட்ட எந்த மெஷினும் இப்படி அசைந்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இறுக்கினார். இடது பக்கம், பிறகு வலது பக்கம்.

"ஆச்சுங்களா?" என்று மேலேயிருந்து சாந்தாமணியின் குரல்.

"ஆச்சுங்க" என்றார். சொன்னதும் பழைய 'ஆச்சுங்க' ஞாபகம் வந்து ஒரு தடவை கூச்சப்பட்டார். "நெசமாலுமே ஆச்சுங்க அம்மிணி."

பெயிண்ட் டப்பாவுக்குக் கை போனது. போன கை நின்றது.

"எந்தக் கலருங்க மேஸ்திரி போடறது?"

குழியின் விளிம்பில் குனிந்த மேஸ்திரி கேட்டார், "உங்க கலருக்கு என்னாச்சு?"

டப்பாவின் அடியில் மஞ்சள் காயப்போகிற நிலையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தார். இரண்டு கோட்டுக்குச் சரியாக இருந்தது.

சாந்தாமணி அன்னூர் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். ஷெட்டுக்குள் இறங்கும்போது வண்டி வாயைத் திறக்கவில்லை. இன்ஜினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"வெள்ளிக்கிழமை அம்பது இட்லிக்குத்தான மாவு சொன்னேன்?"

"அதெல்லாம் வேண்டாமுங்க அம்மிணி."

"பத்தாதுங்ணா. நூறாக் கொண்டாறேன். இட்லிச் சட்டி மட்டும் நீங்க பாத்துக்குங்க." கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார், "கருமத்தம்பட்டி எனக்குத் தெனமும் போற வழிதான். அடுத்த வாட்டி வண்டிய அங்கயே வுட்டுர்றேன். போல்ட்டப் பாத்து இறுக்குங்க."

வண்டி ரோட்டில் ஏறி மறையும் வரை சென்னியப்பன் கையைக் கூப்பியபடி நின்றார். கூப்பியிருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

பிறகு குழாயடிக்குப் போனார். மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டி உள்ள எறங்கறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"சத்தத்துலயே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏனுங்க காலைல ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க அப்ப அந்தரத்துல இருந்தீங்ணா" என்றார் மேஸ்திரி. "தரைக்கு வரட்டும்னு இருந்தேன்."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாமுங்க மேஸ்திரி. போர்டக் கழட்டி வெச்சர்றேன். இந்தக் கைய நம்பி யாரு வண்டி வுடுவாங்க?"

"இப்பத்தான ஒருத்தரு சொல்லிப்போட்டுப் போனாங்க."

மேஸ்திரி உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். வாய் உடைக்காத புது டப்பா ஒன்றோடு வந்தார். மஞ்சள் கலர். மேலே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் வாங்கி நாளாகியிருக்கும் என்று தெரிந்தது. துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரின் கையிலிருந்து அதை வாங்குவதற்கு முன் சென்னியப்பன் கையை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார். நன்றி என்று சொல்ல நினைத்தார்.

அதைச் சொல்லத் தெரியாமல் குனிந்து, கீழே கிடந்த கிழிந்த புஷ் இரண்டையும் பொறுக்கினார். தன் தப்பைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காதவராக, அவற்றை நேரே பழைய சாமான் டின்னில் போடப் போனார்.

மேஸ்திரி சொம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"இதுக்குமுங்களா?" என்றார் சென்னியப்பன். "கிழிஞ்சுபோன ரப்பருங்க இது."

"முறுக்குனது நீங்க. பாரம் ஏத்துனது அந்தக்கா. எட்டு மாசம் ரெண்டையும் சேத்துச் சொமந்துது" என்றார் மேஸ்திரி. "கிழிஞ்சதுக்கப்பறமும் அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரி வாசல்லதானுங்ணா எறக்கி வுட்டுது."

சென்னியப்பன் சொம்பை வாங்கிக்கொண்டார்.